அக்கா பதில்கள்: கிறிஸ்துமஸுக்கு இப்போதே எதை வாங்கலாம்?

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் நான்கு பேர். கிறிஸ்துமஸை ஒட்டி பத்து நாள் நாத்தனார் குடும்பம் வந்து தங்கும். அவர்களும் நான்கு பேர். டிசம்பர் வந்தாலே சோப்பு, டிஷ்யூ, எண்ணெய் என்று எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்துகொண்டு கழுத்தை நெரிக்கிறது. இந்த வருடம் அக்டோபரிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவைக்க நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது? "பஞ்சம் வரப்போகிறதா?" என்று கணவர் சிரிக்கிறார்.

பதில்: சிரிக்கட்டும். 24ஆம் தேதி ராத்திரி பாத்திரம் கழுவும் திரவம் தீர்ந்துபோனால் கடை தேடி ஓடப்போவது அவர்தானே!

நீங்கள் முதலில் வாங்க வேண்டியது சோப்பும் இல்லை, டிஷ்யூவும் இல்லை. ஒரு மார்க்கர் பேனா. இன்று முதல் எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். தீரும்போது நாளை எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு பாட்டில் பாத்திரத் திரவம் ஒரு மாதம் வரும் என்று பல வருடங்களாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தபோது 19 நாளில் தீர்ந்தது. ஷாம்பு நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு நாள் வந்தது. அதைத்தான் ஒவ்வொரு டிசம்பரிலும் மூன்று பாட்டில் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. நான்கு பேர் 30 நாள் என்றால் 120. நாத்தனார் வீட்டார் நான்கு பேர் 10 நாள் என்றால் 40. அதாவது உங்கள் மாதச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். பயத்தில் நாம் இரண்டு மடங்கு வாங்கிவிடுகிறோம். ஆனால் விடுமுறையில் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பார்கள். அதனால் கழிப்பறைக் காகிதம், கை கழுவும் சோப்பு, குப்பைப் பை, பாத்திரத் திரவம் இந்த நான்கை மட்டும் மாத அளவில் பாதி கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கே போதும்.

அக்டோபர் 1 முதல் டிசம்பர் 24 வரை சரியாக 12 வாரம். கடைசி இரண்டு வாரத்தை விட்டுவிடுங்கள். அது காய்கறிக்கும் பாலுக்கும் நீங்கள் மறந்துபோனவற்றுக்கும். மீதி 10 வாரமும் வழக்கமான மளிகையோடு இரண்டே இரண்டு பொருள் கூடுதலாக. பில்லைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் சூட்சுமம். கெடாதவை முதலில்: காகிதப் பொருட்கள், குப்பைப் பை, அலுமினிய ஃபாயில், தீப்பெட்டி, பார் சோப்பு, உப்பு, சர்க்கரை. மெழுகுவர்த்தியும் முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் வளைந்துபோகும். துணி சோப்புத் தூள் கெடாது, ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுவிடுங்கள். நவம்பரில் எண்ணெய், டீத்தூள், உலர்ந்த திராட்சை. எண்ணெயை அடுப்புக்குப் பக்கத்திலோ வெளிச்சத்திலோ வைக்காதீர்கள். டிசம்பருக்கு என்று ஒதுக்க வேண்டியவை முழு கோதுமை மாவும் பருப்பு வகைக் கொட்டைகளும். இரண்டிலும் எண்ணெய்ப் பசை உண்டு, நாளானால் காறல் வாடை அடிக்கும். முந்திரியும் வாதுமையும் மலிவாகக் கிடைத்து முன்பே வாங்கிவிட்டீர்களானால் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். வெண்ணெயையும் அப்படியே வைக்கலாம்.

பேக்கிங் பவுடர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். திறந்த டப்பா மாதக்கணக்கில் கிடந்தால் வேகம் போயிருக்கும். கால் கப் சுடுதண்ணீரில் ஒரு தேக்கரண்டி போடுங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் நல்லது, சோம்பலாக இரண்டு குமிழி விட்டால் புதிது வாங்குங்கள். இந்தச் சோதனையை டிசம்பர் முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். கேக்கை அடுப்பில் வைத்த பிறகு செய்து பார்த்தவள் சொல்கிறேன்.

கேள்வி: போன வருடமே இப்படி வாங்கி வைத்தேன். டிசம்பர் வருவதற்குள் வீட்டில் இருப்பவர்களே எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். எங்கே ஒளித்து வைப்பது?

பதில்: ஒளித்து வைத்தால் உங்களுக்கே மறந்துபோகும். ஒருமுறை நான் பழைய சூட்கேஸில் டிஷ்யூ பாக்கெட்டுகளை ஒளித்தேன். இரண்டு வருடம் கழித்து ஊருக்குக் கிளம்பும்போதுதான் கண்டுபிடித்தேன். அதனால் எல்லோருக்கும் தெரியும் இடத்திலேயே ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். மூடியின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டி, உள்ளே இருப்பதை எல்லாம் எழுதுங்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் எடுத்தவர் அந்த வரியை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுத வேண்டும். எங்கள் வீட்டில் இந்தச் சட்டம் வந்த வாரத்தோடு பாதித் திருட்டு நின்றது. மீதிப் பாதியில் எல்லா வரியிலும் ஒரே கையெழுத்து. யாருடையது என்று சொல்ல மாட்டேன், அவர் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்.

சிக்கலே வேறு இடத்தில்தான். புதிதாக வாங்கியதை முன்னால் வைத்தால் பழையது பின்னால் கிடந்து காலாவதியாகும். புதியதைப் பின்னால் தள்ளுங்கள்.

கேள்வி: பொம்மை வாங்கிக் கொடுத்தால் பேட்டரி இருப்பதில்லை. பண்டிகை அன்று குழந்தை அழுகிறது. பேட்டரியை முன்பே வாங்கினால் வீணாகுமா? ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: அல்கலைன் பேட்டரி பிரிக்காமல் வருடக்கணக்கில் இருக்கும், அட்டையில் தேதி போட்டிருப்பார்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், ஈரம் பூத்து முனை துருப்பிடிக்கும். அலமாரி போதும். பொம்மையைப் பொட்டலம் கட்டுவதற்கு முன்பே என்ன அளவு, எத்தனை என்று பார்த்து வாங்குங்கள். பழசையும் புதுசையும் கலந்து போடாதீர்கள், கசியும். ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் பெட்டியில் இருக்கட்டும், பேட்டரி மூடி பெரும்பாலும் திருகு போட்டே வரும்.

பொத்தான் வடிவப் பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் விளையாட மாட்டேன். சின்னப் பிள்ளைகள் அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: நான் தனியாக ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். கட்டிலுக்கு அடியில்கூட இடமில்லை. பெரிய பாக்கெட் வாங்கினால்தான் லாபம் என்கிறார்களே?

பதில்: தம்பி, நீங்கள் பொருளைச் சேர்க்க வேண்டாம், பணத்தைச் சேருங்கள். அந்த இரண்டு கூடுதல் பொருளுக்கான தொகையை வாராவாரம் ஓர் உறையில் போட்டு வைத்தால் டிசம்பரில் அதே வேலையைச் செய்யும். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பதும் கட்டுக்கதை. விலையை எடையால் வகுத்து 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். கைபேசியில் அரை நிமிட வேலை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பலகையைக் கண்டால் மட்டும் இரண்டு முறை வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: விருந்தினர் வருவதற்கு முன் குளியலறை பளிச்சென்று ஆக, பிளீச்சையும் கழிப்பறை ஆசிட்டையும் கலந்து ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சுத் திணறும். அம்மோனியா கலந்த கிளீனரோடும் சேர்க்காதீர்கள். அப்புறம், திரவ பிளீச்சை அக்டோபரில் வாங்கிச் சேர்க்காதீர்கள். வைக்க வைக்க வீரியம் குறையும். வெயிலும் சூடும் பட்டால் இன்னும் சீக்கிரம். டிசம்பரில் ஒரு பாட்டில் போதும்.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்தேன். இப்போது மைதா மாவு முழுக்க சோப்பு வாசனை. என்ன செய்யலாம்?

பதில்: சலித்துப் பார்த்தேன், வெயிலில் பரப்பிப் பார்த்தேன், போகவில்லை. கேக்கில் வெனிலா ஊற்றினால் மறைந்துவிடும் என்று நினைத்துச் செய்தும் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் நல்லவர்கள், ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டார்கள். யாரும் இரண்டாவது துண்டு கேட்கவில்லை. அந்த மாவைப் பசை காய்ச்சி, பிள்ளைகளுக்குக் காகித நட்சத்திரம் ஒட்டக் கொடுங்கள்.