முதல் நாள் ஸ்கேன் நார்மல், ஐந்தாம் நாள் பாதிப்பு: எது உண்மை?

முதல் நாள் சி.டி. ஸ்கேன் நார்மல் என்றார்கள், ஐந்தாம் நாள் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையில் பாதிப்பு என்கிறார்கள், எது உண்மை என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்மைதான். தண்ணீர்த் தொட்டியில் விழுந்த உங்கள் மூன்று வயது மகனுக்கு ஆஸ்பத்திரியில்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்ற சந்தேகம் வேண்டாம். மூளைக்கு ஆக்சிஜன் போகாத அந்தச் சில நிமிடங்களிலேயே பாதிப்பு தொடங்கிவிடுகிறது. ஆனால் செல்கள் வீங்கி, அந்த வீக்கம் சி.டி. படத்தில் தெரிய ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். முதல் சில மணி நேரத்து சி.டி. நார்மலாக இருந்தால், தலையில் ரத்தக்கசிவு போன்றவை இல்லை என்று அர்த்தம். மூளை தப்பிவிட்டது என்று அர்த்தமில்லை. இதை அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யை மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. அடிபட்ட செல்லில் நீர் நகர முடியாமல் தேங்கும் இடங்கள் அப்போதுதான் 'டிஃப்யூஷன்' படத்தில் பளிச்சென்று தெரியும். ஒரு வாரம் தாண்டினால் அந்த வெளிச்சம் மங்கி, பாதிப்பே இல்லாததுபோல் ஏமாற்றும். உங்கள் மகனுக்குச் சரியான நாளில்தான் எடுத்திருக்கிறார்கள்.

கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். "அவனுக்கு என்னைத் தெரியுமா?"

ரிப்போர்ட்டில் சொல்லியிருப்பது பேசல் கேங்க்லியா. மூளையின் ஆழத்தில் இருந்து உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதி அது. சக்தியை அதிகம் செலவழிப்பதால் ஆக்சிஜன் குறைந்ததும் முதலில் அடிபடும் பகுதிகளில் ஒன்று. கை கால் விறைப்பதும், முதுகு வில்லாக வளைவதும், வாய் திறந்து பேச முடியாததும் இதனால்தான். மூளையின் மேற்பரப்பில் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதே ரிப்போர்ட் சொல்கிறது. இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு, உடல் காட்டுவதைவிட உள்ளே புரிதல் அதிகம் இருக்கும். உங்கள் மகனும் அப்படித்தான் என்று படத்தை மட்டும் வைத்து என்னால் உறுதி சொல்ல முடியாது. எந்த டாக்டராலும் முடியாது. மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யும் நேரடிப் பரிசோதனையும் சேர்ந்தால்தான் ஓரளவு சொல்லலாம்.

நீங்களும் பார்க்கலாம். அவன் தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் நேரத்தில், டி.வி.யை அணைத்துவிட்டு, ஒரு சின்னக் கண்ணாடியை அவன் முகத்துக்கு ஓரடி தள்ளிப் பிடித்து மெதுவாக ஒரு பக்கம் நகர்த்துங்கள். கண் பின்னாலேயே வருகிறதா? உடனே வராது, பொறுமையாக இருங்கள். தினமும் ஒரே நேரத்தில் செய்து, போனில் வீடியோ எடுத்து வையுங்கள். தொடரவில்லை என்றால் உடனே மனம் உடைய வேண்டாம், பார்வைக்கான பகுதியும் அடிபட்டிருக்கலாம். காது கேட்கிறதா, குரலுக்கு மூச்சோ முகமோ மாறுகிறதா என்றும் பாருங்கள்.

நீங்கள் முக்கியமாகப் பயப்பட வேண்டியது ஒன்றுக்கு: வந்த திறமை போவது. நேற்றுவரை கண்ணால் தொடர்ந்தவன் இன்று தொடரவில்லை, விழுங்கியவன் விழுங்கவில்லை, விழித்திருந்தவன் எந்நேரமும் மயங்கிக் கிடக்கிறான் என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடம்பு உதறாமலே வலிப்பு உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கலாம், அதை இ.இ.ஜி.தான் காட்டும். மூளையில் நீர் கோத்தாலும் இப்படி ஆகும். ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டிய நேரம் அதுதான். ஆறுதலுக்காக மாதாமாதம் எடுக்கக் கேட்காதீர்கள், ஒவ்வொரு முறையும் அவனை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைக்க வேண்டியிருக்கும்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது, அந்தக் கவலையை விடுங்கள். மூளை டானிக் வேண்டவே வேண்டாம். நீங்கள் வீடியோவில் பார்த்த அழுத்த ஆக்சிஜன் அறை, அதாவது காற்றழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜன் கொடுக்கும் அறை, இந்தப் பாதிப்பைக் குணமாக்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. அதில் காதும் நுரையீரலும் பாதிக்கப்படலாம், வலிப்பும் வரலாம். அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்கும் விழுங்கும் பயிற்சிக்கும் வையுங்கள்.

கோபம் வந்தது ஓரிடத்தில்தான். தூங்கி வழிகிறான் என்று வலிப்பு மருந்தை நீங்களே பாதியாகக் குறைத்தீர்களாமே! திடீரென்று குறைத்தால் நிற்காத வலிப்பு வரலாம், ஏற்கெனவே அடிபட்ட மூளை அதைத் தாங்காது. தூக்கம் அதிகமென்றால் அளவை மாற்ற வழி இருக்கிறது, அதை டாக்டர்கள்தான் மாற்ற வேண்டும். இதைப் படித்ததும் அவனைப் பார்க்கும் நரம்பியல் டாக்டருக்குப் போன் செய்து, எந்த நாளிலிருந்து எவ்வளவு குறைத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.