வெறும் வயிற்றில் நீண்ட ஓட்டம்: சத்து மாத்திரைகள் ஈடு செய்யுமா?

கேள்வி: எனக்கு வயது 43, எடை 68 கிலோ. மாரத்தானுக்காகப் பயிற்சி செய்கிறேன். ஞாயிறுதோறும் காபி மட்டும் குடித்துவிட்டு 25 கிலோமீட்டர் ஓடுவேன். 18 கிலோமீட்டரைத் தாண்டியதும் கால்கள் கனத்து, தலை கிறுகிறுக்கிறது. உடன் ஓடும் நண்பர்கள் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரை, 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, வாரம் ஒரு வைட்டமின் டி சாஷே, வே புரோட்டீன் ஆகியவற்றை ஓராண்டாக எடுத்து வருகிறேன். வேறு எதையாவது சேர்க்க வேண்டுமா?

பதில்: நீங்கள் சேர்க்க வேண்டியது உணவு. தசைகளிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, தொடர்ந்து ஓடும்போது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் பெருமளவு தீர்ந்துவிடும். இரவு முழுவதும் உண்ணாததால் கல்லீரலில் உள்ள இருப்பு விடியும்போதே குறைந்திருக்கும். உங்களுக்குச் சோர்வு வரும் நேரமும் இதனுடன் பொருந்துகிறது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு மூன்று இட்லியோ, ஒரு வாழைப்பழமும் சில பேரீச்சம்பழங்களுமோ சாப்பிடுங்கள். ஓட்டத்தின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. வயிறு பழகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், போட்டி நாளன்று புதிதாக எதையும் முயல வேண்டாம்.

என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது அந்த வைட்டமின் டி சாஷே. கடைகளில் பரவலாகக் கிடைப்பது 60,000 யூனிட் கொண்டது. பொதுவாகச் சில வாரங்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கப்படுவது. உங்களுடையதும் அதுவானால், நாளொன்றுக்கு 8,500 யூனிட்டுக்கு மேல் ஓராண்டாக எடுத்திருக்கிறீர்கள். மருத்துவ மேற்பார்வை இல்லாமல் நாளொன்றுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. வைட்டமின் டி அளவுமீறினால் இரத்தத்தில் கால்சியம் மிகும்; அதனால் தாகமும் மலச்சிக்கலும் சோர்வும் தோன்றி, சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி எடுக்கும் ஆண்களுக்குச் சிறுநீரகக் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. இவ்விரண்டையும் இன்றே நிறுத்திவிட்டு, இரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றின் அளவுகளைப் பரிசோதியுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்தி, ஹீமோகுளோபினுடன், உடலில் உள்ள இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள். மிகுதியான இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி இல்லை. அது கல்லீரலில் படியக்கூடும். மாறாக, உண்மையிலேயே குறைபாடு இருந்தால், உங்கள் வயதில் ஓர் ஆணுக்கு அது ஏன் வந்தது, குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று தேடுவதே முதல் வேலை. காரணம் தெரியாமல் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தால் ஒரு நோய் மறைந்தே வளரும்.

புரோட்டீன் பவுடரால் பெரும் கேடில்லை. நாளொன்றுக்கு உங்களுக்கு வேண்டிய 80 முதல் 110 கிராம் புரதம், பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றில் கிடைத்துவிட்டால் அது தேவையுமில்லை.

கிறுகிறுப்புக்கு உணவுக் குறைவே காரணம் என்று நேரில் பாராமல் முடிவுகட்ட மாட்டேன். அடுத்த நீண்ட ஓட்டத்துக்கு முன் இரத்த அழுத்தத்தையும் ஈசிஜியையும் பார்த்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ படபடப்போ மயக்கமோ வந்தால் அங்கேயே நின்று, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.