ஓசில எந்த ஆன்டிவைரஸ் போடலாம்? (கம்ப்யூட்டர் கேள்வி பதில்)

இந்த தடவை வந்த கேள்வியில முக்கால்வாசி ஆன்டிவைரஸ் பத்திதான், அதனால மத்ததெல்லாம் அடுத்த தடவைக்கு தள்ளி வச்சுட்டேன், பிரிண்டர் பிரச்சனைக்காரங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, புது லேப்டாப்ல ஒரு ஆன்டிவைரஸ் கூடவே வந்துச்சு. ட்ரையல் முடிஞ்சதுல இருந்து தினமும் நாலு தடவை "உங்க கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது"ன்னு சிவப்பா காட்டி காசு கட்ட சொல்லுது. கட்டிடவா, இல்ல ஓசில வேற ஏதாவது போட்டுக்கலாமா?

பதில்: தம்பி, முதல்ல அந்த ட்ரையலை அன்இன்ஸ்டால் பண்ணு, அப்புறம் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணு, அவ்வளவுதான், வேற எதையும் தேடி டவுன்லோட் பண்ணாத. ஏன்னா விண்டோஸ்லயே டிஃபென்டர்னு ஒரு ஆன்டிவைரஸ் ஏற்கனவே உக்காந்திருக்கு. வேற கம்பெனி ஆன்டிவைரஸ் உள்ள வந்ததும் அது தானா ஒதுங்கிக்கும், அவங்க போனதும் தானா எழுந்து வேலைக்கு வந்துரும். இப்ப உன் கம்ப்யூட்டர்ல இருக்கிற உண்மையான ஆபத்து என்னன்னா, ட்ரையல் முடிஞ்ச ஆன்டிவைரஸ் அப்டேட் வாங்காம கதவுல நின்னுகிட்டு இருக்கு, அது நிக்குறதால டிஃபென்டரும் முழுசா வேலைக்கு வராம இருக்கலாம். சில ஆன்டிவைரஸ் சாதாரண அன்இன்ஸ்டாலுக்கு முழுசா போகாது, அதுக்கு அந்தந்த கம்பெனியே தன்னோட சைட்ல ஒரு ரிமூவல் டூல் குடுத்திருப்பாங்க, அதை மட்டும் எடுத்து ஓட்டு.

"மைக்ரோசாஃப்ட் குடுக்கிறது எல்லாம் சும்மா பேருக்குதானே"ன்னு இன்னும் நிறைய பேர் சொல்றாங்க. அது ஒரு காலத்துல உண்மைதான், நான் மறுக்கல. 2009ல செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்னு ஒண்ண ஓசியா விட்டாங்க, 2012ல விண்டோஸ் 8 வந்தப்ப அதையே டிஃபென்டர்ங்கிற பேர்ல சிஸ்டத்துக்குள்ளயே வச்சுட்டாங்க, அந்த சமயத்துல டெஸ்ட்ல எல்லாம் அது கடைசி பெஞ்ச்தான். ஆனா இப்ப ஜெர்மனியில இருக்கிற ஏவி-டெஸ்ட்ங்கிற லேப் வைக்கிற பரீட்சையில பாதுகாப்புக்கு ஆறுக்கு ஆறு வாங்குறது அதுக்கு சர்வசாதாரணம். குறை இல்லாம இல்ல, இன்டர்நெட் இல்லாதப்ப அதோட கண்டுபிடிக்கிற திறமை நல்லாவே குறையும், ஏன்னா பாதி மூளை மைக்ரோசாஃப்ட் சர்வர்ல இருக்கு. நிறைய ஃபைலை ஒரே நேரத்துல காப்பி பண்ணினா கொஞ்சம் இழுக்கும். வீட்டு கம்ப்யூட்டர் எப்பவும் நெட்லயேதான் இருக்கும்ங்கிறதால எனக்கு இது பெருசா தெரியல.

ஒண்ணு மட்டும் செய். ஸ்டார்ட்ல விண்டோஸ் செக்யூரிட்டினு டைப் பண்ணி திற, "ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்" உள்ள "ரெப்யூட்டேஷன் பேஸ்டு ப்ரொடெக்‌ஷன்"னு இருக்கும், அதுல தேவையில்லாத ஆப்பை தடுக்கிற சுவிட்ச் ஆன்ல இருக்கான்னு பாரு. வைரஸ்னு சொல்ல முடியாது, ஆனா ஓசி வீடியோ கன்வர்ட்டர் கூட ஒட்டிக்கிட்டு வந்து பிரவுசர் ஹோம்பேஜை மாத்துமே அந்த மாதிரி குப்பை, அதை பிடிக்கிற வலை இதுதான். அப்புறம் "வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்" செட்டிங்ல டேம்பர் ப்ரொடெக்‌ஷன் ஆன்ல இருக்கணும், இல்லன்னா உள்ள வர்ற வைரஸ் முதல் வேலையா டிஃபென்டரைத்தான் தூங்க வைக்கும்.

கேள்வி: அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, இந்த மூணுல எது பெஸ்ட்? ஒரே வரியில சொல்லுங்க.

பதில்: மூணும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க.

ஒரே வரியில சொல்லிட்டேன், ஆனா விவரம் தெரிஞ்சுக்கணும்ல. 2016ல ஏவிஜியை அவாஸ்ட் வாங்கிருச்சு. 2021ல அவிராவை நார்ட்டன் கம்பெனி வாங்குச்சு. 2022ல நார்ட்டனும் அவாஸ்டும் ஒண்ணா சேர்ந்து இப்ப ஜென் டிஜிட்டல்னு ஒரு கம்பெனி. அதனால "அவாஸ்ட் சரியில்ல, ஏவிஜிக்கு மாறிட்டேன்"னு சொல்றவங்க ஒரே வீட்ல ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்கு போயிருக்காங்க, அவ்வளவுதான்.

வைரஸ் பிடிக்கிறதுல மூணுமே மோசம்னு நான் சொல்ல மாட்டேன், நல்லாவே பிடிக்கும். என் சங்கடம் வேற. அவாஸ்டுக்கு ஜம்ப்ஷாட்னு ஒரு கிளை கம்பெனி இருந்துச்சு, அவாஸ்ட் போட்டிருந்தவங்க எந்தெந்த சைட்டுக்கு போறாங்கங்கிற விவரத்தை எல்லாம் சேர்த்து அது வெளிக் கம்பெனிகளுக்கு வித்துச்சு. 2020 ஜனவரியில விஷயம் வெளிய வந்ததும் அந்த கிளையை இழுத்து மூடினாங்க. 2024ல அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பைப் பாத்துக்கிற எஃப்டிசிங்கிற அரசு அமைப்பு அதுக்காக 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட சொல்லி, விளம்பரத்துக்காக அந்த மாதிரி விவரத்தை விக்கக்கூடாதுன்னும் சொல்லிருச்சு. திருடன் வராம பாத்துக்கன்னு உள்ள விட்டா, நாம எங்க போறோம் எங்க வர்றோம்னு அவனே நோட்டு போட்டு எழுதி வித்திருக்கான். இப்ப அதெல்லாம் இல்லதான், இருந்தாலும் ஓசினு ஒருத்தர் கை நீட்டிக் குடுக்கும்போது இவருக்கு எங்கிருந்து சாப்பாடுன்னு ஒரு நிமிஷம் யோசிக்கிற பழக்கம் எனக்கு அப்ப இருந்துதான் வந்துச்சு.

டிஃபென்டர் வேண்டவே வேண்டாம், வேற ஒண்ணு போட்டே ஆகணும்னு அடம் பிடிச்சா பிட்டிஃபென்டரோட ஓசி பதிப்பைப் பாருங்க. செட்டிங்னு பெருசா ஒண்ணும் இருக்காது, அக்கவுண்ட் ஒண்ணு ஆரம்பிக்க சொல்லும், அதுக்கப்புறம் பெருசா தொல்லை பண்ணாது.

கேள்வி: ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா டபுள் பாதுகாப்புதானே?

பதில்: ஒரு உறையில ரெண்டு கத்தி நிக்காது. நீங்க ஒரு ஃபைலைத் திறந்தா முதல் ஆன்டிவைரஸ் அதைப் பிடிச்சு சோதிக்கும், அது சோதிக்கிறதை ரெண்டாவது பிடிச்சு சோதிக்கும், நீங்க டீ குடிச்சுட்டு வரலாம். இருபத்திநாலு மணி நேரமும் காவல் காக்கிறது ஒண்ணுதான் இருக்கணும். சந்தேகம் வந்தா மட்டும் கூப்பிட்டு ரெண்டாவது கருத்து கேக்க மால்வேர்பைட்ஸ் ஓசி பதிப்பு நல்லது, ஸ்கேன் பண்ணி சுத்தம் பண்ணும், எப்பவும் காவல் நிக்கிறது காசு கட்டுறவங்களுக்கு மட்டும். முதல்ல போடும்போது 14 நாள் ப்ரீமியம் ட்ரையல் ஆன் ஆகும், அது முடிஞ்சு காசு கேட்டா பதறாதீங்க, கட்டாம விட்டா தானா ஓசிக்கு இறங்கிரும்.

கேள்வி: சார், எங்க அப்பா கம்ப்யூட்டர்ல வலது பக்க மூலையில "5 வைரஸ் உள்ளது, உடனே நீக்கவும்"னு அடிக்கடி வருது. ரெண்டு ஆன்டிவைரஸ் மாத்திப் பாத்துட்டோம், முழு ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைங்குது. போன வாரம் ஸ்கிரீன் முழுக்க சைரன் அடிச்சு ஒரு போன் நம்பர் காட்டுச்சு, அப்பா போன் பண்ணவே போயிட்டாரு.

பதில்: நல்லவேளை அம்மா, தடுத்தீங்க. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு வந்தது சரிதான், ஏன்னா உண்மையாவே உள்ள வைரஸ் இல்ல. அப்பா ஏதோ ஒரு சைட்ல "நீங்க ரோபோ இல்லைன்னு நிரூபிக்க அலவ் அழுத்துங்க"ன்னு வந்ததை நம்பி அழுத்தியிருப்பாரு. அந்த அழுத்துல அந்த சைட்டுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி குடுத்தாச்சு, அது இப்ப வைரஸ் எச்சரிக்கை மாதிரி வேஷம் போட்டு வருது, வேற ஒண்ணுமில்ல. எந்த ஆன்டிவைரஸ் மாத்தினாலும் இது போகாது. பிரவுசர் செட்டிங்ல நோட்டிஃபிகேஷன் பகுதிக்கு போங்க, அனுமதி குடுத்த சைட் பட்டியல் இருக்கும், பேர் தெரியாததை எல்லாம் தூக்குங்க, இன்னும் சொல்லப்போனா யாரும் இனிமே கேக்கவே கூடாதுங்கிற மாதிரி வச்சுருங்க, அப்பாவுக்கு நோட்டிஃபிகேஷன் எதுக்கு. கூடவே எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோட ஒட்டிக்கிற குட்டி ப்ரோகிராம்) பட்டியலையும் ஒரு பார்வை பாருங்க, யார் போட்டதுன்னு தெரியாத கூப்பன் கீப்பன் எல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

சைரன் அடிக்கிறது வெறும் வெப்பேஜ், முழு ஸ்கிரீனுக்கு விரிஞ்சு நிக்குது. எஸ்கேப் பட்டனை கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க, விடலைன்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பிரவுசரை முடிச்சு விடுங்க. மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களைத் திறக்கவான்னு கேட்டா வேண்டாம்னுருங்க. நிஜமான வைரஸ் எச்சரிக்கையில மைக்ரோசாஃப்ட் போன் நம்பரே போட மாட்டாங்க, நம்பர் இருந்தா அது ஃப்ராடு, இதை ஒரு சீட்டுல எழுதி மானிட்டர்ல ஒட்டிருங்க. ஒருவேளை யாராவது ஏற்கனவே போன் பண்ணி, அந்த ஃப்ராடு சொன்னபடி ரிமோட் சாஃப்ட்வேர் (தூரத்துல இருந்தே உங்க கம்ப்யூட்டரை இயக்க விடுறது) போட்டிருந்தா உடனே நெட்டை அறுத்துட்டு அதை எடுத்துருங்க, பேங்க் பாஸ்வேர்டை வேற கருவியில இருந்து மாத்திருங்க.

அந்த பிரவுசர்ல ஒரு விளம்பர தடுப்பானும் போட்டு விடுங்க. ஃபயர்ஃபாக்ஸ்னா யூபிளாக் ஆரிஜின், குரோம்ல இப்ப அதோட லைட் பதிப்புதான் ஓடும். சைரன் பக்கம் பெரும்பாலும் விளம்பரம் வழியாதான் வருது, அதனால வயசானவங்க கம்ப்யூட்டருக்கு நான் ரெண்டாவது ஆன்டிவைரஸைவிட இதைத்தான் முதல்ல போடுவேன்.

கேள்வி: போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் க்ராக் (காசு கட்டாம ஓட்டுற மாதிரி பூட்டை உடைச்சது) ஒண்ணு கிடைச்சுது. "இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணவும், அது தவறா காட்டும்"னு கூடவே எழுதியிருக்கு. நம்பலாமா?

பதில்: "சாவியை கதவுலயே விட்டுட்டு தூங்கு, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்"னு எழுதி வச்சிருக்கான், நம்பலாமான்னு என்னைக் கேக்குறீங்க.

சிரிக்கிறேன்னு நினைக்காதீங்க, நானும் படிக்கிற காலத்துல இதே மாதிரி ஆஃப் பண்ணிட்டு போட்டவன்தான், அப்ப மிஞ்சிப் போனா கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகும், ஃபார்மட் அடிச்சா சரியாயிரும். இப்ப வர்றது வேற ரகம். பிரவுசர்ல சேமிச்சு வச்ச பாஸ்வேர்டு, லாகின் குக்கி (மறுபடி பாஸ்வேர்டு கேக்காம உள்ள விடுற அடையாளச் சீட்டு) எல்லாத்தையும் வழிச்சு எடுத்து சில நிமிஷத்துல அனுப்பிட்டு, சத்தமில்லாம தன்னைத் தானே அழிச்சுக்கிறதும் உண்டு. குக்கி போச்சுன்னா ஓடிபி இருந்தும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா நீங்க ஏற்கனவே உள்ள இருக்கிற மாதிரிதான் அவன் வருவான். இப்படி ஏதாவது ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா, வேற கம்ப்யூட்டர்ல இல்ல போன்ல இருந்து முதல்ல மெயில் பாஸ்வேர்டு, அப்புறம் பேங்க், அப்புறம் மத்ததுன்னு மாத்துங்க, ஒவ்வொண்ணுலயும் "எல்லா இடத்துலயும் சைன் அவுட்"ங்கிறதை அழுத்துங்க, அதை விட்டுட்டா பாஸ்வேர்டு மாத்தியும் அவன் உள்ளயே உக்காந்திருக்கலாம்.

நேர்மையான ஒரு ஃபைலை ஆன்டிவைரஸ் தப்பா பிடிச்சிருக்குமோன்னு சந்தேகம்னா வைரஸ்டோட்டல்னு ஒரு சைட் இருக்கு, கூகுளோடது, ஃபைலை ஏத்தினா எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ் என்ன சொல்லுதுன்னு காட்டும். ஒண்ணு ரெண்டு மட்டும் சிவப்புன்னா தப்பா இருக்கலாம், இருபது முப்பது சிவப்புன்னா தூக்கிப் போடுங்க. மொத்தமும் பச்சைன்னா நல்லதுன்னு அர்த்தமில்ல, புத்தம்புது வைரஸும் பச்சையாதான் தெரியும். சொந்த டாக்குமென்ட் எதையும் அங்க ஏத்தாதீங்க, ஏத்தினது பல செக்யூரிட்டி கம்பெனிகளுக்குப் போகும்.

ஓசில போட்டோ எடிட் பண்ண கிம்ப், க்ரிட்டா எல்லாம் இருக்கு, அதைப் பழகுங்க.

கேள்வி: இன்னும் விண்டோஸ் 10தான் வச்சிருக்கேன், 11 ஏத்த முடியாதுங்குது. நல்ல ஆன்டிவைரஸா போட்டா இப்படியே ஓட்டலாமா?

பதில்: 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுது. டிஃபென்டருக்கு வைரஸ் அடையாள அப்டேட் 2028 வரைக்கும் தர்றதா மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கு, அதைக் கேட்டு நிம்மதியா இருக்காதீங்க, அது வேற இது வேற. சுவத்துல ஓட்டை இருந்தா காவக்காரன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்து என்ன. 2017 மே 12ஆம் தேதி வான்னாக்ரைங்கிற வைரஸ் வந்து உலகம் முழுக்க கம்ப்யூட்டரை பூட்டிப் போட்டு காசு கேட்டுச்சே, அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச் 14ஆம் தேதியே வந்துருச்சு, ரெண்டு மாசம் அதைப் போடாம விட்டவங்கதான் மாட்டினாங்க. இப்ப உங்களுக்கு அந்த மாதிரி அப்டேட்டே வராதுங்கிறதுதான் விஷயம். பதிவு பண்ணிக்கிறவங்களுக்கு 2026 அக்டோபர் வரைக்கும் கூடுதலா ஒரு வருஷம் குடுத்தாங்க, விண்டோஸ் அப்டேட் பக்கத்துல அது தெரியும். அதுவும் முடிஞ்சுதுன்னா விண்டோஸுக்குப் பதிலா ஓசில கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போடுங்க, பழைய மெஷின்ல ஜோரா ஓடும், மெயில் பாக்க வீடியோ பாக்க போதும். பேங்க் வேலையை மட்டும் ஓட்டை சிஸ்டத்துல பண்ணாதீங்க.

கேள்வி: ரான்சம்வேருக்குன்னு (ஃபைலைப் பூட்டிட்டு காசு கேக்குற வைரஸ்) தனியா ஓசி சாஃப்ட்வேர் இருக்கா?

பதில்: டிஃபென்டர்லயே "கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்"னு இருக்கு, வரும்போது ஆஃப்ல இருக்கும், நீங்கதான் ஆன் பண்ணணும். தெரியாத ப்ரோகிராம் உங்க போட்டோ, டாக்குமென்ட் ஃபோல்டரைத் தொட விடாது. சில நல்ல ப்ரோகிராமையும் தடுத்து உயிரை வாங்கும், அதை ஒவ்வொண்ணா அனுமதி குடுக்கணும். இதைவிட வெளி ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து கழட்டி அலமாரியில வைக்கிறது மேல். சொருகியே வச்சிருந்தா அதையும் சேர்த்துதான் பூட்டுவான்.

கேள்வி: ஆன்டிவைரஸ் நிஜமாவே வேலை செய்யுதா, சும்மா பச்சை டிக் காட்டுதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: இதுக்காகவே ஐகார்னு ஒரு டெஸ்ட் ஃபைல் இருக்கு, மொத்தம் 68 எழுத்து. வைரஸே இல்ல, விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்துல ஓட்டினா ஸ்கிரீன்ல ஒரு வரியைக் காட்டிட்டு நிக்கும், அவ்வளவுதான், ஆனா எல்லா ஆன்டிவைரஸும் இதைப் பாத்தா வைரஸ் மாதிரியே பிடிக்கணும்னு தங்களுக்குள்ள பேசி வச்சிருக்காங்க. ஐகார் அமைப்போட சைட்டுல இருந்து அதை டவுன்லோட் பண்ணிப் பாருங்க. முடிஞ்சதும் ஃபைலை மறக்காம டெலிட் பண்ணணுமான்னு போன தடவை ஒருத்தர் கேட்டிருந்தார், தேட வேண்டாம், ஆன்டிவைரஸ் முழிச்சிருந்தா அது அங்க இருக்காது.