49 ரூபாய் ட்ரையல், அஃபிலியேட் கமிஷன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாதம் 499 ரூபாய்க்கு ஆன்லைனில் டேலி வகுப்பு நடத்துகிறேன். முதல் வாரத்தை 1 ரூபாய்க்குக் கொடுக்கலாமா, 49க்கா?

49. ஒரு ரூபாயை இங்கே யாரும் விலையாகவே பார்ப்பதில்லை. யுபிஐ ஆட்டோபே, அதாவது மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி, போடும்போது பல ஆப்கள் ஒரு ரூபாய் எடுத்துத் திருப்பிப் போட்டுவிடுவதால், உங்களுடையதும் திரும்பி வரும் என்று நினைத்துத்தான் அழுத்துவார்கள், அப்புறம் 499 போனதும் சண்டைக்கு வருவார்கள். 49 கட்டுகிறவர் கொஞ்சமாவது யோசித்துக் கட்டுகிறார்.

இன்னொன்று. ஆட்டோபே அனுமதிக்கும் திரையில் அதிகபட்சத் தொகை தெரியும். டெவலப்பர் சோம்பல்பட்டு 15,000 என்று விட்டுவைத்திருந்தால், 49 ரூபாய்க்கு வந்தவர் 'ரூ.15,000 வரை' என்பதைப் பார்த்ததும் ஓடியே போவார். 499 என்றே போடச் சொல்லுங்கள்.

49 ரூபாயில் பாதி கமிஷன் என்றால் அஃபிலியேட்டுகள் (லிங்க்கைப் பகிர்ந்து ஆள் சேர்த்துத் தருகிறவர்கள்) திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை அண்ணா. ஒரு ட்ரையலுக்கு 150 தரலாமா?

தரவே தராதீர்கள். 49 கட்டினால் 150 கிடைக்கும் என்றால் மச்சான், அத்தை, பக்கத்து வீட்டுப் பையன் என்று கையில் கிடைக்கிற ஒவ்வொரு போனிலிருந்தும் ட்ரையல் வந்து குவியும், எட்டாம் நாள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். தலைக்கு 101 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும்.

49ஐ முழுசாக அவர்களுக்கே விட்டுவிடுங்கள். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் கேட்வேயின் கட்டணம் 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் என்று வைத்தாலும் ஒன்றேகால் ரூபாய்க்குள்தான், அது உங்கள் செலவாக இருக்கட்டும். நிஜமான கமிஷன், வாடிக்கையாளர் 499 கட்டியபிறகு 40 சதவீதம், அவர் இருக்கிற ஒவ்வொரு மாதமும். உதாரணத்துக்கு 100 ட்ரையலில் 25 பேர் தங்கினால், அஃபிலியேட்டுக்கு முதலில் 4,900, அடுத்து 4,990. உங்களிடம் 7,485 நிற்கும், அதில் கேட்வே கட்டணம் இன்னும் கழியும். ரீஃபண்ட் கேட்கும் காலம் முடியாமல் எதையும் அனுப்பாதீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அறிமுகத்துக்கு முன்பே சோதியுங்கள்: சில சாஃப்ட்வேர்களில் ரெஃபரல், அதாவது யார் மூலம் வந்தார் என்ற பதிவு, முதல் ஆர்டரோடு நின்றுவிடும், ரின்யூவலுக்குத் தொடராது. ஒரு நாள் ட்ரையல் வைத்து நீங்களே வேறொரு போனில் வாங்கிப் பாருங்கள், இரண்டாவது கட்டணம் அஃபிலியேட் கணக்கில் விழுகிறதா என்று. விழவில்லையென்றால் நல்ல அஃபிலியேட்தான் முதலில் கிளம்புவார்.

பணம் எடுப்பதற்கு முன்னால் வங்கியிலிருந்து மெசேஜ் போகிறது, அதைப் பார்த்து ரத்து செய்துவிடுகிறார்கள். நிறுத்த வழி உண்டா?

இல்லை. 24 மணி நேரம் முன்பே தெரிவிக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, 2021 அக்டோபரிலிருந்து கறாராக நடைமுறையில் இருக்கிறது. ரத்து பட்டனை ஒளித்துவைக்கும் யோசனையும் வேண்டாம், 'சப்ஸ்கிரிப்ஷன் ட்ராப்' என்று 2023 நவம்பரில் வந்த டார்க் பேட்டர்ன் (வாடிக்கையாளரை ஏமாற்றும் உத்தி) தடை வழிகாட்டுதல்களிலேயே அது இருக்கிறது. அதைவிட, ஐந்தாம் நாள் நீங்களே ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: எந்தத் தேதியில் எவ்வளவு போகும், அடுத்த வாரம் என்ன பாடம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் பாடத்தை ட்ரையல் வாரத்திலேயே தொடங்கி, பாதியை எட்டாம் நாளுக்கு வைத்தால் இன்னும் நல்லது.

அஃபிலியேட் ஒருவர் ஸ்டேட்டஸில் 'முற்றிலும் இலவசம்' என்று போடுகிறார்.

உடனே நிறுத்தச் சொல்லுங்கள், கேட்கவில்லையென்றால் லிங்க்கை முடக்குங்கள். திட்டு உங்களுக்குத்தான் வரும், அவருக்கு இல்லை. 'முதல் வாரம் 49, பிறகு மாதம் 499, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்' என்ற வாசகத்தையும், இது விளம்பரம் என்ற குறிப்பையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

என்னுடையது ஒரே ஒரு பிடிஎஃப் புத்தகம். அதற்கும் ட்ரையல் வைக்கலாமா?

வேண்டாம். டவுன்லோட் ஆனதும் கதை முடிந்தது. முதல் இரண்டு அத்தியாயங்களைத் தனியாக 49க்கு விற்று, முழுப் புத்தகம் வாங்கும்போது அந்த 49ஐக் கழித்துக்கொள்ளுங்கள். கமிஷன் முழுப் புத்தகத்துக்கு மட்டும்.