கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா? இருபது வருடம் கழித்து என்ன ஆகும்?

கேள்வி: எனக்கு 48 வயது. இடது மார்பில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுக்கலாம் என்கிறார் டாக்டர். "பாதியை விட்டுவைத்தால் பின்னாளில் திரும்ப வரும், முழுசாக எடுத்துவிடு" என்று அண்ணன் பிடிவாதம் பிடிக்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: டாக்டர் பேச்சைக் கேளுங்கள். ஆனால் முழுசாகக் கேளுங்கள். கட்டியை எடுப்பது, பிறகு ரேடியேஷன் என்று அவர் சொன்னது இரண்டும் சேர்ந்து ஒரே சிகிச்சை. முதல் பாதியை மட்டும் செய்துகொண்டு வீட்டுக்குப் போவதாக இருந்தால் உங்கள் அண்ணன் பயப்படுவது நியாயம்தான்.

உங்களுக்கு வந்த இதே சந்தேகம் மருத்துவர்களுக்கும் இருந்தது. 1970-களில் இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்த்தோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இதைத் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தார்கள். யாருக்கு முழு மார்பகமும் எடுப்பது, யாருக்குக் கட்டியையும் அதைச் சுற்றிய பகுதியையும் மட்டும் எடுப்பது என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். 20 வருடம் தொடர்ந்து கவனித்துவிட்டு 2002-ல் முடிவைச் சொன்னார்கள். மிலானில் 701 பெண்கள், எல்லோருக்கும் உங்களைப் போலச் சின்னக் கட்டி. மார்பகத்தைக் காப்பாற்றி ரேடியேஷனும் எடுத்துக்கொண்டவர்களில் 100-க்கு சுமார் 9 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்ப வந்தது. முழுவதும் எடுத்தவர்களிலும் 100-க்கு 2 பேருக்கு அந்த இடத்திலேயே வந்தது. அண்ணன் சொல்வதில் உள்ள உண்மை இவ்வளவுதான். ஆனால் உயிரிழந்தவர்களின் விகிதம் இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அது எப்படி என்று கேட்பீர்கள். மார்பில் இருக்கும் கட்டி உயிரை எடுப்பதில்லை. எலும்புக்கோ நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போய்ச் சேரும் செல்கள்தான் ஆபத்து. அவை முன்பே கிளம்பியிருந்தால் மார்பகத்தை எவ்வளவு வெட்டினாலும் எட்டிப் பிடிக்க முடியாது. அதற்குத்தான் கீமோவும் ஹார்மோன் மாத்திரையும். அதே மார்பில் திரும்ப வந்தாலும், சீக்கிரம் கண்டுபிடித்தால் அப்போது முழுவதும் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. வருடத்துக்கு ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) எடுக்கச் சொல்வது அதற்காகத்தான்.

இப்போது ரேடியேஷன். ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுக்காத ஒரு குழுவும் இருந்தது. அவர்களில் 100-க்கு 39 பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது. கொடுத்தவர்களில் 14. இதைவிடத் தெளிவாக ஒரு எண் சொல்ல முடியாது.

"எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ரேடியேஷனே கொடுக்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார்" என்று யாராவது வருவார்கள். வயதைக் கேளுங்கள். 70 வயதைத் தாண்டியவர், சின்னக் கட்டி, அக்குளில் நெறிகட்டி இல்லை, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை, அந்த மாத்திரையை வருடக்கணக்கில் விடாமல் சாப்பிடுவார்: இத்தனையும் ஒன்றாகப் பொருந்தினால் ரேடியேஷனைத் தவிர்க்கலாம். இப்படிப்பட்ட 636 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், பத்து வருடம் கழித்து ரேடியேஷன் இல்லாதவர்களில் 100-க்கு 90 பேருக்கும், கொடுத்தவர்களில் 98 பேருக்கும் அந்த இடத்தில் நோய் திரும்பவில்லை. உயிர் விஷயத்தில் வித்தியாசம் இல்லை. ஐந்தில் ஒன்று பொருந்தாவிட்டாலும் இந்தக் கணக்கை உங்களுக்குப் போடக்கூடாது. மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவருக்கும் பொருந்தாது. உங்களுக்கு 48. நீங்கள் இந்தப் பட்டியலில் இல்லை.

முழுவதும் எடுத்துவிட்டால் ரேடியேஷன் தொல்லை இருக்காது என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. அக்குளில் உள்ள நெறிகட்டிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) நோய் பரவியிருந்தால் மார்பகத்தை எடுத்த பிறகும் ரேடியேஷன் தேவைப்படலாம். இதை முன்கூட்டியே யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

அறுவைக்குப் பிறகு நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று: விளிம்பு ரிப்போர்ட். வெட்டியெடுத்த சதையில் எது மேல், எது பக்கம் என்று தெரிய டாக்டர் நூல் கட்டி அனுப்புவார். ஆய்வகத்தில் அதன் வெளிப்பக்கம் முழுக்க மை பூசி, சீவல் சீவலாக நறுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்றுநோய் செல் அந்த மையைத் தொடக்கூடாது. தொட்டிருந்தால் அந்தப் பக்கம் மறுபடி எடுக்க வேண்டும். பயந்து ஓடாதீர்கள், இது அடிக்கடி நடப்பதுதான். "விளிம்பு சுத்தம்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட்டுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத என்ன கஷ்டம்?

இன்னொரு கோபமும் உண்டு. அறுவை ஒரு இடம், ரேடியேஷன் இன்னொரு இடம், ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடுவில் அலைவது நோயாளி. இந்த இடைவெளியில்தான் கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்கள் நுழைகிறார்கள். ரேடியேஷன் மெஷினே இல்லாத இடத்தில் "எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்" என்று அறுவையை மட்டும் முடித்து அனுப்புவார்கள். இன்னொரு வகை ஆள், "ரேடியேஷன் உடம்பை எரித்துவிடும், எங்கள் மருந்தே மிச்சத்தைக் கரைத்துவிடும்" என்பார். இரண்டு பேரையும் நம்பாதீர்கள். கையெழுத்துப் போடும் முன்பே, ரேடியேஷன் எங்கே, எந்த வாரம் தொடங்கும், யார் கொடுப்பார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கீமோ தேவைப்பட்டால் பெரும்பாலும் அது முடிந்த பிறகு ரேடியேஷன். அதையும் சொல்லச் சொல்லுங்கள். இப்போது பலருக்கு மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறது. சிலருக்குக் கட்டி இருந்த இடத்தில் கூடுதலாகச் சில நாட்கள்.

அப்புறம், குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் தேதி குறிப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அண்ணனையும் உடன் அழைத்துப் போய், அவருடைய கேள்வியை அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.