கூட நின்றவன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். வயது 26. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் ஓடி முடித்துவிட்டு நண்பர்களோடு உட்கார்ந்து குத்துச்சண்டை பேசுவது வழக்கம். இரண்டு வாரமாக ஒரே தகராறு. லாரி ஹோம்ஸை எக்காலத்துக்குமான ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) ஜாம்பவான்களில் சேர்க்கலாமா, கூடாதா? நான் சேர்க்கலாம் என்கிறேன். தொடர்ந்து 48 வெற்றி, 20 முறை பட்டத்தைக் காப்பாற்றியவர். நண்பன் கூடாது என்கிறான். அவர் காலத்தில் ஆளே இல்லை, கிழட்டு அலியை அடித்துப் பேர் வாங்கினார், தன்னைவிட எடை குறைந்த மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார், இடது கையைத் தவிர ஒன்றும் தெரியாது என்பது அவன் வாதம். பந்தயம் பிரியாணி. அலியைச் சென்னையில் பார்த்ததாக நீங்கள் முன்பு ஒரு வரி எழுதியிருந்ததால் உங்களை நடுவராக வைத்திருக்கிறோம். முதல் பத்தில் ஹோம்ஸுக்கு எத்தனாவது இடம்? அட்டவணை ஒன்று தயாரித்து இணைத்திருக்கிறேன். இன்னொன்று, மூளையைக் கெடுக்கும் ஒரு விளையாட்டை ரசிப்பது சரியா? அப்புறம், குத்துச்சண்டை என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள தம்பி,

சேர்த்து எழுதுங்கள். மூளை விஷயத்தில், ரசிப்பது சரியில்லைதான். நானும் ரசிக்கிறேன். அதற்கு மேல் அதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் அட்டவணையைப் பார்த்தேன். நாலு பக்கம். வேகத்துக்கு இத்தனை, வலுவுக்கு இத்தனை, தாடை உறுதிக்கு இத்தனை என்று ஒவ்வொருவருக்கும் பத்துக்கு மார்க். ஹோம்ஸின் தாடைக்கு ஏழரை. இந்த ஏழரையை எந்தத் தராசில் நிறுத்தீர்கள்? 1979 செப்டம்பரில் ஏர்னி ஷேவர்ஸ் ஏழாவது ரவுண்டில் விட்ட வலது கைக்குத்து ஹோம்ஸின் அந்தத் தாடையில்தான் இறங்கியது. மனிதர் மல்லாந்து விழுந்தார். எழுந்தார். பதினோராவது ரவுண்டில் ஷேவர்ஸின் கதையை முடித்தார். அந்த ஒரு நிமிடத்தை ஓடவிட்டுப் பார்த்திருந்தால் ஏழரை போட்டிருக்க மாட்டீர்கள். படித்த பிள்ளைகள் எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டுவிட்டுப் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

உங்கள் நண்பனின் வாதங்களில் பாதிக்குப் பதிலே தேவையில்லை. ஆளே இல்லாத காலம் என்கிறார். 1978 ஜூனில் கென் நார்ட்டனோடு ஆடிய பதினைந்து ரவுண்டு மட்டும் போதும். சண்டைக்குச் சில நாள் முன்பு ஹோம்ஸுக்கு இடது கைத் தசை கிழிந்துவிட்டது. அந்தக் கையோடு ஏறி, மூன்று நடுவர்களில் இருவர் ஒரே ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுத்ததில் பட்டம் வாங்கினார். ஸ்பிங்க்ஸிடம் தோற்றார் என்கிறார். தோற்றார், சரி, யார்தான் தோற்கவில்லை? ராக்கி மார்சியானோ தோற்கவில்லை என்பீர்கள். 49 சண்டை, 49 வெற்றி. அவர் கடைசியாக மேடை ஏறிய 1955 செப்டம்பர் 21க்குச் சரியாக முப்பது வருடம் கழித்து, அதே தேதியில்தான் 48 வெற்றியோடு நின்ற ஹோம்ஸ் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். தோற்ற எரிச்சலில், மார்சியானோ என் கோவணத்தைத் தூக்கக்கூட லாயக்கில்லை என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவைத்தார். பிற்பாடு மன்னிப்புக் கேட்டார். யார் காதில் விழுந்தது? நுணலும் தன் வாயால் கெடும்.

இதெல்லாம் இருக்கட்டும். "கிழட்டு அலியை அடித்துப் பேர் வாங்கினார்" என்று ஒரு வரி. இதற்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

போன ஜூலை 14ஆம் தேதி, பிரெஞ்சு தேசிய நாளன்று, ஒரு வேலையாகப் புதுச்சேரிக்கு வந்திருந்தேன். போர் நினைவுச் சின்னத்துப் பக்கம் மெடல் குத்திக்கொண்டு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சில பெரியவர்கள் நின்றிருந்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது அந்த வரிசை எவ்வளவு நீளம்! இப்போது நாற்காலிகளே போதும். எனக்கு எங்கள் சொல்தா தாத்தா ஞாபகம் வந்தது. சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். கடலூர் பஸ்ஸில் திரும்பி வரும்போது அரியாங்குப்பம் பாலம் தாண்டியும் அவர் மனதைவிட்டு இறங்கவில்லை. மஞ்சக்குப்பம் வரைக்கும் கூடவே வந்தார். அப்புறம் உங்கள் கடிதம்.

குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சு பென்ஷன் வரும் நாளில் தெருவுக்கே பன் வாங்கித் தருவார். போர் முடிந்த பிறகு சில வருடம் மொராக்கோவில் ஒரு முகாமில் இருந்தார். அங்கே குத்துச்சண்டை போடும் சார்ஜன்ட்டுகளுக்குப் பயிற்சியின்போது எதிரே நிற்க ஆள் தேவைப்பட்டது. இவர் நின்றார். நின்றார் என்றால் அடி வாங்கினார் என்று அர்த்தம். கூலி, ஒரு நாளைக்குக் கூடுதலாக இரண்டு சிகரெட். அவர் இடது காது இட்லி மாவைப் பிசைந்து ஒட்டவைத்ததுபோல மடங்கிப் போயிருக்கும். சின்ன வயதில் நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். மறுப்புச் சொல்லமாட்டார்.

எனக்குக் கற்றுக் கொடுத்தது அவர்தான். கொல்லையில் வேப்பமரக் கிளையில் ஒரு கோணிப்பை. கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று நான் மணலை அள்ளி நிரப்பிவைத்தேன். அடிக்க வந்தார். "யாருடா போட்டது? ஈரம் ஏறி அடியில கட்டியாயிடும், மணிக்கட்டு போயிடும்" என்று முழுக்கக் கொட்டவைத்தார். பிறகு மரவாடியில் மரத்தூள் வாங்கி, கிழிந்த துணியோடு கலந்து அடைத்தார். கைக்குச் சுற்ற அவருடைய பழைய வேட்டியைக் கிழித்த பட்டை. ஆறு மாதம் வலது கையைத் தூக்கவிடவில்லை. "கோஷ்! கோஷை நீட்டுடா!" கோஷ் என்றால் பிரெஞ்சில் இடது. வலது கையை நாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இடது கையை நீட்டு, இழு, நீட்டு, இழு. நீட்டுவதைவிட இழுப்பதில்தான் கண்டிப்பு. போன வழியிலேயே திரும்பி வர வேண்டும். அரை அங்குலம் கீழே தொங்கினால் காதில் ஒன்று விழும்.

இடது கையைத் தவிர ஒன்றும் தெரியாது என்று உங்கள் நண்பர் சொல்கிறாரே, அவரை ஐந்து நிமிடம் அந்தக் கோணிக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். ஹோம்ஸின் இடது கை ஹெவிவெயிட்டிலேயே தலைசிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நானும் சொல்வேன்.

தாத்தாவின் தெய்வம் மார்செல் செர்தான். அவரை ஒருதரம் நேரில் பார்த்தேன் என்பார், இன்னொரு நாள் போஸ்டரில்தான் பார்த்தேன் என்பார். செர்தான் 1948இல் டோனி ஜேலை அடித்து மிடில்வெயிட் பட்டம் வாங்கினார். ஒன்பது மாதத்தில் ஜேக் லமோட்டாவிடம் அதை இழந்தார். முதல் ரவுண்டிலேயே தோள்பட்டை போய்விட்டது. மறு சண்டைக்காக அமெரிக்கா புறப்பட்டவர் 1949 அக்டோபரில் அசோர்ஸ் தீவில் விமானம் விழுந்து செத்துப்போனார். வயது 33. பட்டத்தோடு இருந்தது ஒன்பதே மாதம். ஆனால் பிரெஞ்சுக்காரர்களிடம் போய் அவர் ஜாம்பவானா என்று கேட்டுப் பாருங்கள், அடிக்க வருவார்கள். ஹோம்ஸ் ஏழு வருடத்துக்கு மேல் பட்டத்தை வைத்திருந்தார். 2002 வரை, 52 வயதிலும், மேடை ஏறினார். நாம் யாருக்காக அழுதோமோ அவருக்குத்தான் உங்கள் அட்டவணையில் மார்க் ஏறுகிறது தம்பி. ஹோம்ஸ் யாரையும் அழவைக்காமல் ஊரில் கடை கண்ணி வைத்து வாழ்ந்துகொண்டிருந்தார்.

1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை. எம்.ஜி.ஆர். முதலமைச்சர். என் மாமா என்னையும் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் இருந்த இடத்திலிருந்து அலி கட்டைவிரல் உயரம். அது போதும், நான் தொண்டை கிழியக் கத்தினேன். எதிரே ஜிம்மி எல்லிஸ். யாரோ கூட்டிக்கொண்டு வந்த துணைக்கு ஆள் என்று நினைத்தேன். அவர் அலியின் ஊர்க்காரர், பல வருடம் அலியோடு பயிற்சிக்கு நின்றவர், 1968இல் ஜெர்ரி குவாரியை ஜெயித்துத் தானே ஒரு உலகப் பட்டம் வாங்கியவர் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அதே எல்லிஸ் 1971இல் ஹூஸ்டனில் அலியிடம் பன்னிரண்டாவது ரவுண்டில் தோற்றார். தோற்றும் கூட இருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் நானும் மாமாவும் அலி, அலி என்று பேசிக்கொண்டே வந்தோம். திண்டிவனம் தாண்டும் வரை தாத்தா வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சொன்னார், "அந்த இன்னொருத்தன் நல்லா வாங்கினான்யா."

மாமா சிரித்தார். தாத்தா சிரிக்கவில்லை. எவ்வளவு அடி வாங்கினால் ஜனம் கைதட்டும், எப்போது ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் சண்டை மாதிரி தெரியும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது என்றார். அத்தனை ஆயிரம் பேரும் அலியைப் பார்த்தோம். தாத்தா ஒருவர் மட்டும் அத்தனை தூரம் பஸ்ஸில் போய் எல்லிஸைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அதே வருடம் அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. லாஸ் வேகாஸில் அலி தோற்றார். பேப்பரில் பார்த்துவிட்டு நான் மாடிக்கு ஓடினேன், யாரோ ஹோம்ஸாம், அலியோடு முன்னே பயிற்சிக்கு நின்றவனாம் என்று அழுதுகொண்டே சொன்னேன். தாத்தா ஷேவ் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். "கூட நின்ன பையனா?" என்றார். பிறகு மற்றக் கன்னத்தில் சோப்பைத் தடவிக்கொண்டார். அவருக்கு அதில் சந்தோஷமா வருத்தமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஹோம்ஸ் யார்? பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீடு. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மணிக்கு ஒரு டாலருக்குக் கார் கழுவியவர். அலியின் டீர் லேக் பயிற்சி முகாமில் அவருக்கு எதிரே நின்றபோது ஒரு நாள் அலியின் குத்தில் கண் கறுத்து வீங்கியது. ஐஸ் வைக்கப் போனவர்களை வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அலி கொடுத்த கண், ஊரில் காட்ட வேண்டும்! அந்தப் பையனைத்தான் சில வருடம் கழித்து அலிக்கு எதிரே ஏற்றினார்கள். அலிக்கு 38 வயது. தலைமுடிக்குச் சாயம், தைராய்டு மாத்திரை, அவசரமாகக் குறைத்த எடை. பத்து ரவுண்டில் ஒரு ரவுண்டுகூட அலிக்குக் கிடைக்கவில்லை. படத்தை இப்போது போட்டுப் பாருங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஹோம்ஸ் அடிக்கிறார், அடித்துவிட்டு நடுவரைத் திரும்பிப் பார்க்கிறார். நிறுத்துங்களேன் என்கிற பார்வை. நடுவர் நிறுத்தவில்லை. மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கிறது. அடிக்காமல் நின்றால் அலிக்கு அவமானம், அடித்தால் பாவம். பத்தாவது ரவுண்டு முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். அலி தன் வாழ்க்கையில் பாதியில் நிறுத்தப்பட்டுத் தோற்ற ஒரே சண்டை அது. ஜெயித்தவர் அழுதார்.

இதைத்தான் உங்கள் நண்பர் பேர் வாங்கினார் என்கிறார். என்ன பேர் வாங்கினார், சொல்லுங்கள்! ஊர் முழுக்கத் திட்டுதான் வாங்கினார். அன்று நியூயார்க் மாநிலத்தில் இந்தச் சண்டையைப் பார்த்துக் கொதித்துப்போன பதினான்கு வயதுப் பையன் ஒருவன், ஒரு நாள் உங்களுக்காக இவரை அடிக்கிறேன் என்று அலிக்கு வாக்குக் கொடுத்தான். 1988 ஜனவரியில் அட்லாண்டிக் சிட்டியில் மைக் டைசன் அதை நாலாவது ரவுண்டில் நிறைவேற்றினார். சண்டைக்கு முன்னால் அலி மேடை ஏறிவந்து தன் காதில் நினைவுபடுத்திவிட்டுப் போனதாக டைசனே சொல்லியிருக்கிறார். அன்று ஹோம்ஸுக்கு வயது என்ன தெரியுமா? 38. கிழட்டு ஹோம்ஸை அடித்துப் பேர் வாங்கினார் டைசன் என்று யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் அட்டவணையிலும் டைசனுக்கு அந்தச் சண்டைக்காக ஒரு மார்க்கும் குறையவில்லை. மூன்றாம் பக்கம், கீழிருந்து ஐந்தாவது வரி. எடுத்துப் பாருங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். 26 வயதில் நானும் மார்க் போட்டுக்கொண்டிருந்தவன்தான்.

சரி, பிரியாணி. முதல் பத்தில் இடம் உண்டு. அலிக்கும், 25 முறை பட்டம் காத்த ஜோ லூயிஸுக்கும் கீழே எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கு ஐந்து என்பேன், நாளைக்குக் கேட்டால் நாலு என்பேன். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், நண்பருக்கும் ஒரு பிளேட் சொல்லுங்கள். அந்த நாலு பக்கத்தில் ஜிம்மி எல்லிஸுக்கு எத்தனை மார்க் என்று இரண்டு தடவை தேடினேன். பெயரே இல்லை. சேர்த்து அனுப்புங்கள்.