காலையில் பத்துத் தும்மல்: தலையணையைச் சந்தேகப்படுங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. வேளச்சேரியில் தரைத்தள வீடு. காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு. பள்ளிக்குப் போனால் சரியாகிவிடுகிறது. டெஸ்ட் எடுத்ததில் டஸ்ட் மைட் அலர்ஜி என்று வந்தது. இரண்டு வேளையும் வீட்டைப் பெருக்கித் துடைக்கிறேன், தயிர், வாழைப்பழம் எல்லாம் நிறுத்திவிட்டேன், குறையவே இல்லை. ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா? (வாசகி, சென்னை)

பதில்: முதலில் அந்தத் தயிரையும் வாழைப்பழத்தையும் பையனுக்குத் திருப்பிக் கொடுங்கள், பாவம். அவற்றுக்கும் தூசுப்பூச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. (இறால் சாப்பிட்டால் வாய் அரிக்கிறது, தடிப்பு வருகிறது என்றால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். இறாலில் இருக்கும் ஒரு புரதம் இந்தப் பூச்சியிலும் இருக்கிறது, சிலருக்கு இரண்டும் சேர்ந்தே ஒத்துக்கொள்ளாது.)

ப்யூரிஃபையர் இப்போது வேண்டாம். டஸ்ட் மைட் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு, தண்ணீர் குடிக்காமல் காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். அப்படியென்றால் தோலும் வியர்வையும் கதகதப்பும் சேர்ந்த மெத்தையும் தலையணையும் அதற்குச் சோற்றுப்பானை மாதிரி, அதிலும் கடற்கரை ஊரின் தரைத்தள வீடு என்றால் கேட்கவே வேண்டாம். பையனுக்கு ஒத்துக்கொள்ளாதது முக்கியமாக அந்தப் பூச்சியின் எச்சம். அது கனமானது, படுக்கையை உதறும்போது பறந்து அரை மணி நேரத்துக்குள் கீழே படிந்துவிடும், காற்றில் மிதந்துகொண்டே இருக்காது. மெஷின் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும், இவன் எட்டு மணி நேரம் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தூங்குவான். அந்தப் பணத்தைப் படுக்கையில் போடுங்கள்.

உங்கள் வீட்டில் ஊரிலிருந்து பாட்டி அனுப்பிய இலவம்பஞ்சுத் தலையணை இருக்கும் என்று நினைக்கிறேன், பிரிக்காமல் பத்து வருடம் ஓடியிருக்கும். மனசு கேட்காதுதான், ஆனால் பையன் தலைக்கு அது வேண்டாம், புதிதாக, துவைக்கிற மாதிரி ஒன்று வாங்குங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் முழுதாக மூடுகிற, ஜிப் வைத்த அலர்ஜி உறை கிடைக்கிறது, நெசவு நெருக்கமாக இருப்பதால் பூச்சியும் எச்சமும் வெளியே வராது. விலை அதிகம் என்றால் ரெக்சின் உறை போட்டு, மேலே பருத்தி விரிப்பு போடுங்கள், கொஞ்சம் புழுங்கும், பரவாயில்லை.

விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒரு தடவை சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும். வெதுவெதுப்பு போதாது, 60 டிகிரியாவது வேண்டும். மெஷினில் அந்த வசதி இல்லை என்றால் கொதிக்கிற தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு வாளியில் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும், அதில் துணியை முக்கி அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு வழக்கம்போலத் துவைத்துக்கொள்ளுங்கள். பையனை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள். அவன் கட்டிப்பிடித்துத் தூங்கும் கரடி பொம்மையை பிளாஸ்டிக் கவரில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். பூச்சி செத்துவிடும், ஆனால் எச்சம் பொம்மையிலேயேதான் இருக்கும், அதனால் பிறகு துவைத்தே ஆக வேண்டும். மெத்தையை மாடியில் வெயிலில் போடுவதும் இப்படித்தான், ஈரம் போகும், நல்லதுதான், ஆனால் தட்டி உதறும்போது பையன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அப்புறம், பெருக்குவது. துடைப்பம் போட்டால் படிந்த தூசு எழும்பும். அவன் பள்ளிக்குப் போன பிறகு ஈரத்துணியால் துடையுங்கள், ஒரு வேளை போதும். ஃபேன் இறக்கையை விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் துணியைப் படுக்கையறைக் கொடியில் காயப்போடும் பழக்கம் இருந்தால், பூச்சிக்குத் தேவையான ஈரத்தை நீங்களே கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதெல்லாம் செய்தாலும் ஒரு வாரத்தில் தும்மல் நிற்காது, மாதக்கணக்கு ஆகும். டாக்டர் கொடுத்த மருந்தும் கூடவே ஓட வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது, தும்மல் வரும் நாளில் மட்டும் அடிக்கிறேன். சரியா? (வாசகி, மதுரை)

பதில்: சரியில்லை. விட்டு விட்டு அடித்தால் அவ்வளவாகப் பலன் கிடைக்காது, தினமும் அடித்தும் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். அளவு ரொம்பக் குறைவு, பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். மாதக்கணக்கில் போனால் டாக்டரிடம் காட்டும்போதெல்லாம், வளர்த்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அடிக்கும்போது முனை மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்து இருக்கட்டும், நடுவில் பட்டால் ரத்தம் கசியும். இரவில் இருமல், விசில் சத்தம், மூச்சு வாங்கும்போது விலா உள்ளே இழுப்பது என்று இருந்தால் அது மூக்கோடு நிற்கிற விஷயம் இல்லை, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: பேரனுக்கு இதே அலர்ஜி. சாம்பிராணி போட்டால் பூச்சி சாகும் என்கிறாள் என் மனைவி. கூடாது என்கிறாள் மருமகள். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மருமகள் சொல்வதுதான் சரி, அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. மெத்தைக்குள் இருக்கும் பூச்சியைப் புகை ஒன்றும் செய்யாது, ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்கைத்தான் இன்னும் எரிய வைக்கும். கொசுவர்த்தியும் அப்படித்தான். அதற்குப் பதில் பேரனைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், வலையையும் மற்ற துணிகளோடு மறக்காமல் துவைக்கச் சொல்லுங்கள்.